ஆயர் ஈத்தாம் தெய்வமும் தமிழ் நாவலின் மௌனமும்

நாவலாசிரியன் எவ்வாறு தோன்றுகிறான்? பட்டறிவு அவனை உருவாக்குகிறது என்பர் சிலர். பரந்த கல்வி உருவாக்குகிறது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இவ்விரண்டுக்கும் முற்பட்ட காரணம் ஒன்று உண்டு. அது பசி. தான் படிக்க விரும்பிய கதையைத் தேடி நூலக அடுக்குகளை எல்லாம் துழாவி, அஃது எங்கும் இல்லை என்று கண்டபின், அதைத் தானே எழுதத் துணியும் வாசகனே நாவலாசிரியன் ஆகிறான். படிக்க விரும்பும் நூல் இன்னும் எழுதப்படவில்லை என்றால், விரும்புகிறவரே அதனை எழுதியாக வேண்டும் என்று அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் கூறியதும் இதனையே. 1970ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் நாவல் அத்தகைய பசியில் பிறந்ததே.

இந்தப் பசி எல்லா வாசகருக்கும் பொது. அவ்வாறாயின், தன் பாலினத்தவரையே காதலிக்கும் இயல்புடைய ஒரு தமிழ் இளைஞனுக்கும் அது பொதுதானே? அவனும் பேய்க் கதையை விரும்புவான். தெய்வம் மண்ணில் இறங்கி மனிதரோடு வழக்காடும் மாயக் கதையை விரும்புவான். அக்கதையின் தலைவன் தன்னைப் போன்றவனாக இருக்கவேண்டும் என்றும் விரும்புவான். அவ்விருப்பத்தோடு அவன் தமிழ் நூலகத்தில் நுழைந்தால் என்ன கிடைக்கிறது? அங்கு அவன் காண்பது பெரும்பாலும் மௌனம். அந்த மௌனத்தைப் பண்பாடு என்று பெயரிட்டுப் போற்றுவோரும் உளர். அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்று ஆராய வேண்டிய கடமை தமிழாசிரியர்க்கும் தமிழ் மாணவர்க்கும் உண்டு.

கருநீர் ஊரும் ஒரு நாவலும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தின் பரபரப்பு அடங்கிக் கொடிமலையின் அடிவாரம் தொடங்கும் இடத்தில் அமைந்திருப்பது ஆயர் ஈத்தாம். மலாய்மொழியில் 'ஆயர்' என்பது நீர். 'ஈத்தாம்' என்பது கறுப்பு. தமிழில் சொன்னால் கருநீர் ஊர். 1923ஆம் ஆண்டு முதல் மலையேறும் இழுவை ரயில் புறப்படுவது இவ்வூரின் எல்லையிலிருந்துதான். கெக் லோக் சி என்னும் பெரிய பௌத்த ஆலயம் மலைச்சரிவில் படிப்படியாக எழுந்து நிற்பதும் இங்குதான்.

2021ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நாவல் வெளிவந்தது. 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' என்பது அதன் பெயர். கருநீர்ச் சகோதரி என்று அதனைத் தமிழாக்கலாம். ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்ப்பெயரின் பொருளே அந்நாவலில் ஒரு தெய்வத்தின் பெயராகியிருக்கிறது. எழுதியவர் ஜென் சோ, மலேசியாவில் பிறந்து வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் சீனப் பெண்மணி, சட்டம் பயின்றவர். 2015 முதல் மாயக்கதை நாவல்களை வெளியிட்டு வருபவர். 2019ஆம் ஆண்டு ஒரு குறும்புதினத்துக்காக ஹியூகோ விருது பெற்றவர்.

கதையின் தலைவி ஜெஸ் அமெரிக்காவில் வளர்ந்தவள். பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். அவளுடைய தலைக்குள் ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. அது மறைந்துபோன பாட்டியின் குரல். உயிரோடிருந்தபோது ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியாக இருந்தவள் அந்தப் பாட்டி. நிலத்தை வளைக்கும் செல்வந்தன் ஒருவன் அத்தெய்வத்துக்குத் தீங்கு இழைத்துவிட்டான். பழி தீர்க்கப் பேத்தியின் உடல் வேண்டும் என்கிறாள். தெய்வமோ கொடிய சாவுக்கு ஆளாகி அடங்காத சினத்தோடு நிற்கும் ஓர் இளம்பெண். இத்தனைக்கும் நடுவே ஜெஸ் பெற்றோரிடமிருந்து மறைத்து வைத்திருக்கும் மறைபொருள் ஒன்று உண்டு. அவள் ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள். அப்பெண்ணின் பெயர் ஷரண்யா.

ஷரண்யா என்பது சீனப் பெயர் அன்று. மலாய்ப் பெயரும் அன்று. அஃது இந்தியப் பெயர். தமிழர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலருக்கு இட்டு வழங்கும் பெயர். ஒரு சீன எழுத்தாளர் ஆங்கிலத்தில் பினாங்கைப் பற்றி எழுதிய மாயக்கதையில் அப்பெயருடையாளுக்குக் காதலி என்ற இடம் கிடைத்திருக்கிறது. தமிழ் மாயக்கதையில் அவளுக்கு எங்கே இடம்?

பிறமொழி பெற்ற செல்வம்

இஃது ஒரு நாவலைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. 1972ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த டான் துவான் எங் தம் முதல் நாவலான 'தி கிப்ட் ஆப் ரெய்ன்' நூலை 2007இல் வெளியிட்டார். போர்க்காலப் பினாங்கில் ஓர் இளைஞனுக்கும் அவனுடைய ஜப்பானிய ஆசானுக்கும் இடையே நிலவிய ஆழ்ந்த பிணைப்பை அது கூறுகிறது. 2023இல் வெளிவந்த 'தி ஹவுஸ் ஆப் டோர்ஸ்' நாவலில், எழுத்தாளர் சாமர்செட் மாம் தம் துணைவனுடன் பினாங்குக்கு வந்து தங்கிய நாட்களை எழுதினார். இரு நாவல்களும் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றன.

இலங்கையைப் பார்ப்போர் ஷியாம் செல்வதுரையைக் காண்பர். தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்தவர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப்பின் கனடாவில் குடியேறியவர். 1994இல் வெளிவந்த 'பன்னி பாய்' நாவலில், சேலை உடுத்தி மணமகளாக விளையாட விரும்பும் தமிழ்ச் சிறுவன் ஒருவன் வளர்ந்து மற்றோர் இளைஞனைக் காதலிக்கிறான். 2013இல் வெளிவந்த 'தி ஹங்ரி கோஸ்ட்ஸ்' நாவலில் பௌத்தக் கதைகளின் பசித்த பேய்கள் கதையோடு இழைந்து வருகின்றன. தமிழ்க் குடும்பம், தமிழ்ச் சிறுவன், தமிழரின் துயரம், அத்தனையும் ஆங்கிலத்தில்!

தமிழ் முற்றிலும் வாய்மூடி இருந்தது என்று கூறுதல் முறையாகாது. ஆணாகப் பிறந்தும் பெண்ணியல்போடு வாழும் ஒரு சமையற்காரரைப் பரிவோடு படைத்துக் கி. ராஜநாராயணன் 'கோமதி' என்னும் சிறுகதையை எழுதினார். சு. சமுத்திரம் 1990களில் 'வாடாமல்லி' நாவலில் திருநங்கையரின் வாழ்வை எழுதினார். பின்னர் ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதித் தமிழ் உரைநடைக்குப் புதிய குரலைத் தந்தனர். இவை பெருமைக்குரியவை. ஆயினும் இரண்டு வேறுபாடுகளை மாணவர் மனங்கொள்ள வேண்டும். திருநர் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது பற்றியது. தன்பாலீர்ப்பு என்பது ஒருவர் யாரைக் காதலிக்கிறார் என்பது பற்றியது. ஒன்றை எழுதியதால் மற்றதையும் எழுதிவிட்டதாகக் கணக்கு முடிக்க இயலாது. மேலும், மேற்கூறிய நூல்கள் பெரும்பாலும் துன்பத்தைச் சான்று கூறுபவை. துன்பத்தைச் சொல்லும் உரிமையைத் தந்துவிட்டோம், கனவு காணும் உரிமையைக் கேட்காதே என்று ஒரு மொழி தன் பிள்ளைகளிடம் கூறலாகுமா?

பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்னும் வாதம்

எதிர்ப்போர் முதலில் எடுக்கும் படைக்கலம் பண்பாடு. ஆணை ஆண் காதலிக்கும் கதையும் பெண்ணைப் பெண் காதலிக்கும் கதையும் மேலை நாட்டுச் சரக்கு என்பது அவர்தம் வாதம். அவர்கள் வகுப்பறையில் நடத்தும் பாடங்களையே சான்றாகக் கொள்ளலாம்.

நம்மாழ்வார் பராங்குச நாயகியாகித் திருமாலின்மேல் காதலுற்றுப் பாடுகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆகிறார். ஆண் புலவர், ஆண் தெய்வத்தின்மீது, காதலியின் குரலில் பாடிய பாசுரங்களைத் தமிழாசிரியர் உருகி உருகி விளக்குகின்றனர். 1917இல் நூலாக வந்த கண்ணன் பாட்டில் பாரதியார் கண்ணனைத் தாயாகவும் தந்தையாகவும் சேவகனாகவும் கண்டதோடு நிற்கவில்லை; காதலனாகவும் கண்டார். சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் ஒன்று, காமன் பேடியின் கோலம் பூண்டு ஆடிய பேடு. மோகினியாய் வந்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்தவர் என்று ஐயனாரை வணங்காத தமிழூர் எத்தனை? கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது எந்த மேலை நாட்டு வழக்கம்?

இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் தன்பாலீர்ப்பை ஏற்றுப் போற்றினர் என்று முடிவு கட்டுவது பிழை. பக்தி வேறு, உடற்காதல் வேறு, சடங்கு வேறு. இங்கு நிறுவப்படுவது அதனினும் எளிய உண்மை. தமிழரின் கற்பனை இந்த எல்லைகளைத் தாண்ட ஒருநாளும் அஞ்சியதில்லை. அஞ்சுவது பிற்காலத்து உரையாசிரியரும் பாடநூல் குழுவினருமே.

ஆயர் ஈத்தாம் மலைச்சரிவையே நோக்குக. கெக் லோக் சி ஆலயத்தின்மேல் நிற்பது முப்பது மீட்டர் உயரமுள்ள குவான் யின் தேவியின் வெண்கலச் சிலை, 2002இல் நிறைவுற்றது. இத்தேவி யார்? இந்தியப் பௌத்தத்தில் ஆணாக வணங்கப்பட்ட அவலோகிதரே சீன நாட்டில் காலப்போக்கில் பெண்ணானார். அதே அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழைக் கற்றார் என்று பதினோராம் நூற்றாண்டு இலக்கணமாகிய வீரசோழியம் கூறுகிறது. தமிழ் கற்பித்தவராகப் போற்றப்பட்ட தெய்வமே ஆயர் ஈத்தாமில் பெண்ணுருக் கொண்டு நிற்கிறது. இதனைவிடச் சிறந்த மாயக்கதையை எந்த நாவலாசிரியர் புனைந்துவிட முடியும்?

எதிர்ப்போர் காக்க நினைக்கும் வேலியின் வரலாறும் அறியத்தக்கது. ஆண் ஆணோடு கூடுவதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியே ஆங்கிலேயர் ஆட்சி தந்தது. அங்கிருந்தே அது மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் மனமொத்த வயதுவந்தோர் உறவைக் குற்றம் அன்று என அறிவித்தது. 2022இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் சட்டப்பிரிவை நீக்கியது. இந்த வேலி தமிழர் நட்டதன்று. நட்டவனும் இன்று இங்கு இல்லை. அதற்கு நீரூற்றிக் காப்பதைத் தமிழ்ப் பண்பாடு என்று அழைப்பது வேடிக்கையன்றோ?

மாயக்கதை இலக்கியம் ஆகாது என்னும் வாதம்

இரண்டாவது வாதம் திறனாய்வாளருடையது. அத்தகையோரின் வாழ்வை எழுதலாம். ஆனால் நடப்பியலில் எழுதவேண்டும். பேயும் தெய்வமும் மந்திரமும் நிறைந்த கதை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவது என்பர் அவர்கள். இவ்வாறு கூறுவோர் மணிமேகலையை மறந்தனர் போலும்! கடல் தெய்வம் அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் இடுகிறது. அவள் வானில் பறக்கும் மந்திரமும் வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் கற்கிறாள். காயசண்டிகையின் உருவில் நடமாடுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்துகிறாள். சாத்தனார் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடினாரா? பசிப்பிணி என்னும் நடப்பியல் உண்மையை உரைப்பதற்கே அவருக்கு அந்த மாயப் பாத்திரம் தேவைப்பட்டது.

தன்பாலீர்ப்புடையார்க்கு மாயக்கதை ஏன் வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள ஆங்கில நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டரின் வரலாறு உதவும். 1924இல் இந்தியாவைப் பற்றிய புகழ்பெற்ற நாவலைத் தந்தவர் அவர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1913, 1914ஆம் ஆண்டுகளில், இரண்டு ஆண்களின் காதலைக் கூறும் 'மாரிஸ்' என்னும் நாவலை எழுதி முடித்திருந்தார். தம் காதலர் இருவரும் மகிழ்ச்சியாக வாழவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கதை தற்கொலையில் முடிந்திருந்தால் வெளியிட வழி இருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மகிழ்ச்சியே தடையாயிற்று. அந்நூல் அவர் மறைந்தபின் 1971இல்தான் அச்சேறியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரு நாவல் மேசை அறைக்குள் கிடந்தது.

இங்கே ஒரு கொடிய உண்மை வெளிப்படுகிறது. இத்தகைய காதலர் சாகும் கதையைச் சமூகம் மன்னிக்கும்; வாழும் கதையை மன்னிக்காது. நடப்பியல் மட்டுமே போதும் என்று கூறும் திறனாய்வாளர், தாம் அறியாமலேயே, இவர்கள் கதையில் சாகவேண்டும் என்று விதிக்கிறார். ஏனெனில் நடப்பியலில் இவர்கள் வாழ நிலம் இல்லை. மாயக்கதையாசிரியர் அந்த நிலத்தைப் படைக்கிறார். 1969இல் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், மக்கள் நிலையான ஆண்பாலோ பெண்பாலோ இல்லாத ஒரு கோளையே படைத்து நாவல் எழுதினார். அப்படிப் படைத்த நிலத்தில் நின்று திரும்பிப் பார்க்கும்போது, இந்த உலகின் விதிகள் இயற்கையானவை அல்ல, மனிதர் இட்டவை என்பது வாசகருக்குப் புலப்படும். வீட்டைவிட்டு வெளியே வந்தால்தானே வீட்டின் முகப்பைக் காணமுடியும்?

சட்டமும் அச்சமும்

மூன்றாவது வாதம் சட்டத்தைப் பற்றியது. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் நூல்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை உள்துறை அமைச்சருக்கு வழங்குகிறது. 2020ஆம் ஆண்டு இறுதியில் அமைச்சு இரண்டு நூல்களுக்குத் தடை விதித்ததை அறிவித்தது. ஒன்று, தன்பாலீர்ப்பைக் கிறித்தவ நோக்கில் ஆராய்ந்த ஓர் ஆங்கில நூல். மற்றொன்று தமிழ் நாவல், ம. நவீனின் 'பேய்ச்சி'. முன்னதன் தடையை 2022இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது.

இச்செய்தியைத் தமிழ் எழுத்துலகம் ஆழ்ந்து நோக்க வேண்டும். 'பேய்ச்சி' தன்பாலீர்ப்பைப் பற்றிய நாவல் அன்று. தோட்டப்புற மக்களின் வாழ்வையும் நாட்டார் தெய்வத்தின் பெயரையும் தாங்கிய நாவல் அது. அதன்மீது சாட்டப்பட்டது ஆபாசம் என்னும் குற்றம். ஆயினும் இரண்டு நூல்களும் ஒரே அறிவிப்பில் அருகருகே நின்றன. அடுத்த வீட்டுக்காரனின் நூலைத் தடைசெய்தால் தமிழுக்கு என்ன என்று வாளாவிருந்தோர்க்கு இது பாடம். தடை ஒரு வாயிலை மட்டும் அடைத்துவிட்டு அமைதி கொள்வதில்லை. தமிழகத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 சனவரியில் பெருமாள்முருகன் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே அவரை மீண்டும் எழுதச் செய்தது. அந்நாவலும் தன்பாலீர்ப்பைப் பற்றியது அன்று. பிள்ளையில்லாக் கணவன் மனைவியரின் கதை. அவரை வாய்மூடச் செய்தது எந்தச் சட்டமும் அன்று, ஊராரின் சினம்.

சட்டம் ஒரு செயலைத் தண்டிக்கிறது. அமைச்சு ஒரு நூலைத் தடுக்கிறது. எழுதப்படாத நூலைத் தடுப்பவர் யார்? சங்கத்தின் நடுவர், பதிப்பாசிரியர், பரிசுக்குழுவினர், ஆசிரியர். சட்டம் கை நீட்டுமுன்பே இவர்கள் தாமாகவே கதவை அடைத்துவிட்டுச் சட்டத்தின்மேல் பழியைப் போடுகின்றனர். ஒரு பெண் மற்றொரு பெண்ணின் கூந்தலில் மல்லிகை சூட்டி, அவளுக்காகப் பேயோடு போராடும் கதையை எந்தச் சட்டப்பிரிவு பெயர் சொல்லித் தடுக்கிறது? அடக்கமாகவும் கண்ணியமாகவும் எழுதும் வழி ஆண் பெண் காதலுக்கு உண்டென்றால், இக்காதலுக்கும் உண்டு.

எழுதுகிறவர் அத்தகையவரா என்று துருவும் வழக்கமும் ஒழியவேண்டும். கொலையைப் பற்றி எழுதியவரைக் கொலைகாரரா என்று எவரும் கேட்பதில்லை. நூலை நூலாகவே அளக்க வேண்டும். கட்டுக்கோப்பு இல்லையா, நடை தளர்ந்ததா, பாத்திரம் உயிரற்றதா, அவற்றைக் கண்டிக்கலாம்; கண்டிக்கவும் வேண்டும். துணிவு மட்டுமே இலக்கியம் ஆகாது. ஆனால் நூல் எழுதப்பட்ட பின்புதானே அதன் குறையைக் கண்டிக்க முடியும்?

இழப்பு யாருக்கு?

சொல் இல்லை என்னும் சாக்கும் இனிச் செல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து, இத்தகையோரை மதிப்போடு குறிக்கும் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் பிறந்துவிட்டது. கதைதான் காத்திருக்கிறது.

இதில் இழப்பு யாருக்கு என்பதே இறுதியில் எழும் வினா. மலேசியத் தமிழ்க்கல்வி ஒவ்வொரு மாணவனையும் எண்ணிக் காக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள், இடைநிலைப் பள்ளியில் போராடித் தேர்வுப் பாடமாகத் தமிழ் என்று ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும் ஆசிரியர்க்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். அப்பிள்ளை பதினாறாம் வயதில் தன் உள்ளத்தை அறிந்துகொள்கிறது. தன்னைப் போன்ற ஒருவர் உலகில் உண்டா என்று நூல்களில் தேடுகிறது. ஆங்கிலத்தில் ஜென் சோ கிடைக்கிறார். டான் துவான் எங் கிடைக்கிறார். ஷியாம் செல்வதுரை கிடைக்கிறார். தமிழில் கிடைப்பது பகடிச் சொல்லும் திரைப்பட நகைச்சுவையும். அப்பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கத் தொடங்கும்? எந்த மொழியில் எழுதத் தொடங்கும்? மாணவர் தமிழைக் கைவிடுகின்றனர் என்று மேடைதோறும் புலம்புவோர், தமிழ் எந்தெந்த மாணவரைக் கைவிட்டது என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

கருநீர்த் தெய்வத்தின் கதை பேச்சிக்கும் இசக்கிக்கும் அயலானது அன்று. கொடிய சாவு எய்திய பெண் தெய்வமாகி நீதி கேட்கும் கதையைத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வில்லுப்பாட்டில் கேட்டவர். கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்தபோதும் அத்தெய்வங்களைக் கைவிடாது கொண்டுவந்தவர். மரபு உண்டு; ஊர் உண்டு; தெய்வம் உண்டு; மொழி உண்டு. அவற்றை எடுத்துத் தன் காதலுக்கு ஒரு கதை செய்துகொள்ள விரும்பும் இளம் எழுத்தாளர் ஒருவர் இன்றும் ஏதோ ஒரு வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக் கூடும். அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் ஆசிரியரின் மேசைக்கு வரும் நாளில், சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தராமல், சந்திப்பிழைகளைத் திருத்தி, அடுத்த அத்தியாயம் எங்கே என்று ஆசிரியர் கேட்க வேண்டும். தமிழ் நாவல் அவரிடம் எதிர்பார்க்கும் தொண்டு அவ்வளவே.